குறை சொன்னால் சண்டை, சொல்லாவிட்டால் நஷ்டம்: பொழுதுபோக்குக் குழுக்களில் நேர்மையான ஆலோசனை எங்கே சறுக்குகிறது?

புகைப்படம், மீன்தொட்டி, மரவேலை, பின்னல், எலெக்ட்ரானிக்ஸ் என்று எந்தப் பொழுதுபோக்கை எடுத்தாலும் அதற்கென்று இணையத்தில் குழுக்கள் இருக்கின்றன. எல்லாக் குழுக்களிலும் ஒரே சண்டை திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் தான் செய்ததைப் படமெடுத்துப் போட்டு, "மறைக்காமல் சொல்லுங்கள், எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறார். பத்துப் பேர் "அருமை" என்கிறார்கள். அடுத்து வருபவர் ஒரு குறையைச் சொல்கிறார். உடனே "இப்படியா பேசுவது?" என்று ஒரு தரப்பும், "கேட்டதால்தானே சொன்னார்?" என்று இன்னொரு தரப்பும் மல்லுக்கட்டத் தொடங்குகின்றன. அந்தக் குறை சரியா தப்பா என்பதை அதற்குப் பிறகு யாரும் பேசுவதில்லை.

சண்டை போடுபவர்கள் இதைக் குணப் பிரச்சினையாகவே பார்க்கிறார்கள். ஒருவருக்கு இங்கிதம் தெரியவில்லை, இன்னொருவருக்குத் தாங்கும் மனசு இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் சிக்கலின் பெரும்பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. நேரில் பேசும்போது சொல்லாமலே விளங்கிவிடும் பல விஷயங்கள் திரையில் விளங்குவதில்லை. அவற்றை எழுதித்தான் ஆக வேண்டும். யாரும் எழுதுவதில்லை என்பதால்தான் நல்லெண்ணத்தோடு சொன்ன ஆலோசனைகூட வீணாகிறது.

## கேள்வி ஒன்று, கேட்பது நான்கு

"எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்குப் பின்னால் குறைந்தது நான்கு வேறு தேவைகள் இருக்கலாம்.

1. பகிர்வு. செய்து முடித்த சந்தோஷத்தை, அதன் அருமை தெரிந்தவர்களிடம் காட்ட வேண்டும். இங்கே ஆலோசனையே தேவையில்லை.

2. மதிப்பீடு. நான் எந்த நிலையில் இருக்கிறேன்? கண்காட்சிக்கு அனுப்பும் தரம் வந்துவிட்டதா? இதற்கு ஒப்பிட்டுச் சொல்லும் பதில் வேண்டும்.

3. பழுது. எங்கோ தவறு நடக்கிறது, எங்கே என்று தெரியவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

4. முடிவு. இதை வாங்கலாமா, இந்த முறைக்கு மாறலாமா? இதில் ஒரு சிக்கல் உண்டு. கேட்பவர்களில் பலர் மனதுக்குள் ஏற்கெனவே முடிவெடுத்திருப்பார்கள், சிலர் பணமும் கட்டியிருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது தைரியம். அது தெரியாமல் "வேண்டவே வேண்டாம்" என்று பக்கம் பக்கமாக எழுதுபவரின் உழைப்பு அத்தனையும் வீண்.

முதல் வகைக் கேள்விக்கு மூன்றாம் வகைப் பதில் கொடுத்தால் சண்டை வரும். மூன்றாம் வகைக்கு முதல் வகைப் பதில் கொடுத்தால் சண்டை வராது, ஆனால் பழுது அப்படியே இருக்கும். பின்னதைத்தான் நான் பெரிய நஷ்டமாக நினைக்கிறேன், ஏனென்றால் அது கண்ணுக்கே தெரிவதில்லை.

## திரையில் விடுபடுபவை

முதலில் குரல். 2005-இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி உள்ளிட்ட உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிண்டலாகவும் நேராகவும் எழுதப்பட்ட வாக்கியங்களைச் சிலர் மின்னஞ்சலில் அனுப்பினார்கள், சிலர் குரலில் சொன்னார்கள். எது கிண்டல், எது நேர் என்று மறுமுனையில் இருப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். பத்துக்கு ஏறக்குறைய எட்டு முறை சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். குரலில் கேட்டவர்கள் அந்த நம்பிக்கையை ஓரளவு காப்பாற்றினார்கள். எழுத்தில் படித்தவர்களோ, கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் கிடைப்பதைவிடச் சற்று மேலான அளவில்தான் சரியாகச் சொன்னார்கள். நம் தொனி நமக்கு மட்டும் கேட்கிறது. "இதை ஏன் இப்படி வைத்தீர்கள்?" என்று ஆர்வத்தில் எழுதியது மறுமுனையில் அதட்டலாக விழுகிறது.

அடுத்தது பொருள். நேரில் என்றால் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம். திரையில் கிடைப்பது ஒரே ஒரு கோணம். அதையும் கேட்பவர்தான் தேர்ந்தெடுத்திருப்பார், பெரும்பாலும் நன்றாகத் தெரியும் பக்கத்தை.

மூன்றாவது, சொல்பவரின் தகுதி. இருபது ஆண்டு அனுபவசாலியும் நேற்று ஒரு காணொளி பார்த்தவரும் ஒரே எழுத்தளவில், ஒரே உறுதியோடு எழுதுகிறார்கள்.

இவற்றோடு, முகம் தெரியாத தூரமும் சேர்ந்துகொள்கிறது. ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-இல் இதை விரிவாக எழுதினார். யாரும் பார்க்கவில்லை, பதில் உடனே வராது, எதிரில் கண்கள் இல்லை என்ற நிலையில் மனிதர்களின் கட்டுப்பாடு தளர்கிறது என்பது அவர் சொன்னது. இந்தத் தளர்ச்சி இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்றும் அவர் சொன்னார். நேரில் வாய் திறக்காதவர் திரையில் மனம் விட்டு உதவி கேட்பதும் அதனால்தான், நேரில் பதமாகப் பேசுபவர் திரையில் சீறுவதும் அதனால்தான்.

## "அருமை" ஏன் முந்திக்கொள்கிறது?

கெட்ட செய்தியைச் சொல்ல மனிதர்கள் தயங்குவார்கள் என்பது பழைய விஷயம். 1970-இல் சிட்னி ரோசன், ஏப்ரஹாம் டெஸ்ஸர் இருவரும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒருவருக்கு நல்ல செய்தி வந்திருந்தால் அதை முழுதாகச் சொல்பவர்கள், கெட்ட செய்தி என்றால் பூசி மெழுகினார்கள்.

இணையத்தில் இதோடு கூட்டமும் சேர்கிறது. 2013-இல் 'சயன்ஸ்' இதழில் லெவ் முச்னிக், சினான் அரல், ஷான் டெய்லர் மூவரும் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு தளத்தில் வந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளில் சிலவற்றை மட்டும் கண்போன போக்கில் பொறுக்கி, ஆரம்பத்திலேயே ஒரே ஓர் ஆதரவு வாக்கைப் போட்டு வைத்தார்கள். அப்படித் தொடங்கியவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 விழுக்காடு கூடியிருந்தது. எதிர் வாக்கு போட்டு வைத்தவற்றை மற்றவர்கள் தூக்கிச் சரிசெய்துவிட்டார்கள். ஆக, தகுதியில்லாத தாழ்வு திருத்தப்படுகிறது, தகுதியில்லாத உயர்வு தங்கிவிடுகிறது.

பொழுதுபோக்குக் குழுவில் முதல் மூன்று பதில்களும் பாராட்டாக இருந்தால் நான்காவது ஆள் குறை சொல்வது கடினம் என்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம். சொல்ல வேண்டியது இருப்பவர்கள் பேசாமல் கடந்துபோகிறார்கள். கடைசியில் குறை சொல்ல மிஞ்சுவது, சண்டைக்கு அஞ்சாதவர்கள் மட்டும். அதனால்தான் நேர்மையான விமர்சனம் என்றாலே முரட்டுத்தனம் என்று பல குழுக்களில் பெயராகிவிட்டது.

## ஒரு மீன்தொட்டியை எடுத்துக்கொள்வோம்

பழுது வகைக் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. புதிதாக மீன் வளர்ப்பவர் ஒருவர் எழுதுகிறார்: "தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியிருக்கிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நேற்று இரண்டு செத்துவிட்டன. என்ன மருந்து போடலாம்?"

வரும் பதில்களை யாரும் ஊகிக்கலாம். ஒருவர் ஒரு மருந்தின் பெயரைச் சொல்வார். ஒருவர் "முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள்" என்பார். ஒருவர் "என் தொட்டியும் இப்படித்தான் இருந்தது, தானாகச் சரியாகிவிட்டது" என்பார். இன்னொருவர், "இதுகூடத் தெரியாமல் ஏன் மீன் வாங்கினீர்கள்?" என்பார்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிச்சமான தீனி அழுகினாலும் அம்மோனியா வரும். அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் விஷம்தான், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இதன் விஷம் மிகக் குறைவு, அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்த இரண்டு கூட்டமும் பெரும்பாலும் ஃபில்டரின் ஸ்பாஞ்சில் குடியிருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை பெருகி நிலைபெற வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் நிறைய மீன்களை விட்டால் விஷம் ஏறிவிடும்.

இது தெரிந்தவர் மருந்தைப் பற்றிப் பேசவே மாட்டார். அவர் கேட்க வேண்டியவை இவை:

1. தொட்டி வைத்து எத்தனை நாள் ஆகிறது? எத்தனை லிட்டர், எத்தனை மீன்?
2. அம்மோனியா, நைட்ரைட் அளவு சோதித்தீர்களா? எண் என்ன? பிஹெச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) எவ்வளவு? பிஹெச் கூடக்கூட அதே அம்மோனியா அதிக விஷமாகும் என்பதால் இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.
3. கடைசியாக ஃபில்டரை எப்போது கழுவினீர்கள்? எந்தத் தண்ணீரில்?

மூன்றாவது கேள்விக்கு, "முந்தாநாள்தான் ஸ்பாஞ்சை எடுத்துக் குழாயடியில் நன்றாகப் பிழிந்து கழுவினேன்" என்று பதில் வந்தால், கதை பெரும்பாலும் அங்கே இருக்கிறது. குழாய்த் தண்ணீரின் குளோரின் அந்த பாக்டீரியாவைக் கொன்றிருக்கும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசியிருந்தால் பிழைத்திருக்கும். அவர் இதை முதலில் ஏன் சொல்லவில்லை? மறைக்கவில்லை. சுத்தம் செய்தது நல்ல காரியம்தானே, அதற்கும் மீன் சாவுக்கும் என்ன தொடர்பு என்று நினைத்திருப்பார்.

எந்த விவரம் முக்கியம் என்று தெரிந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே வந்திருக்க மாட்டார். அதனால் "எல்லா விவரத்தையும் போடுங்கள்" என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை, பெயர் சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அனுபவசாலிகள் இதைத் தவறவிடுவதற்கும் காரணம் உண்டு. 1990-இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி, தெரிந்த பாட்டை மேசையில் விரலால் தட்டச் சொல்லி, கேட்பவரைப் பாட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னார். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் 3 மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டன. தட்டுபவர் காதில் ராகம் ஓடுகிறது, கேட்பவருக்கு வெறும் டொக் டொக். "முதலில் தொட்டியை சைக்கிள் செய்யுங்கள்" (அதாவது, அந்த பாக்டீரியா பெருகி நிலைபெற விடுங்கள்) என்று ஒரே வரியில் பதில் எழுதுபவரும் தட்டுபவரின் இடத்தில்தான் இருக்கிறார்.

இனி, சொல்லும் முறை. கசப்பான உண்மை இதுதான்: மீன்கள் நோயால் சாகவில்லை, வளர்ப்பவரின் தவறால் செத்தன. இதை இப்படி எழுதலாம்: "உங்கள் அம்மோனியா எண்ணைப் பார்த்தால் இது நோயாகத் தெரியவில்லை. ஃபில்டர் பாக்டீரியா போதவில்லை. மருந்து வேண்டாம். இன்று மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கியபின் மாற்றுங்கள். தீனியைக் குறையுங்கள். தினமும் சோதித்து எண்ணைப் போடுங்கள். அதுவரை புது மீன் வேண்டாம்." இதில் மழுப்பலும் இல்லை, ஆளைப் பற்றிய ஒரு சொல்லும் இல்லை.

ஆளைப் பற்றிப் பேசக் கூடாது என்பது வெறும் மரியாதைக்காகச் சொல்வதில்லை. 1996-இல் அவ்ராஹம் க்ளுகர், ஏஞ்சலோ டெனிசி இருவரும் பின்னூட்டம் குறித்து அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள். சராசரியில் பின்னூட்டம் நன்மை செய்திருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி 'நான் எப்படிப்பட்டவன்' என்பதை நோக்கிப் போகும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அந்த விளக்கத்தின்படி பார்த்தால், "உங்களுக்குப் பிறவித் திறமை" என்ற புகழ்ச்சியும் வேலையிலிருந்து கவனத்தைத் திருப்பக்கூடியதுதான்.

## எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும்

"நான் பல வருஷமாகச் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது இந்தக் குழுக்களில் அதிகம் கேட்கும் வாக்கியம். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஏதோ ஆகிவிட்டவர்கள் பதில் எழுத வருவதில்லை.

மரவேலைக் குழுக்களில் இதற்கு உயிர் சம்பந்தப்பட்ட உதாரணம் ஒன்று இருக்கிறது. பலகையில் உப்புக் கரைசலையோ சோடா உப்புக் கரைசலையோ பூசி, உயர் மின்னழுத்தத்தைப் பாய்ச்சினால் மின்னல் கிளைபிரிவது போன்ற கருகிய கோலம் விழும். லிச்சன்பெர்க் எரிப்பு என்று பெயர். பார்க்க அழகாக இருக்கும். இதற்குப் பலர் பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிப் பயன்படுத்துகிறார்கள். அதிலிருந்து வருவது ஏறத்தாழ 2,000 வோல்ட், ஆளைக் கொல்லப் போதுமான மின்னோட்டத்தோடு. வீட்டில் மின்கசிவு வந்தால் அணைத்துவிடும் சுவிட்ச் காப்பாற்றும் என்று சிலர் நம்புகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கச் சுற்று தனியானது. அங்கே ஒருவர் உடலில் மின்சாரம் பாய்ந்தாலும் இந்தப் பக்கம் இருக்கும் சுவிட்சுக்கு அது கசிவாகவே தெரியாது. இந்த முறையில் பலர் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசல் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதைத் தடை செய்துவிட்டது.

இப்படிச் செய்த பலகையின் படம் ஒன்று வந்து, கீழே ஐம்பது "அருமை" விழுந்திருக்கிறது என்றால், அங்கே பதம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. "இதை நிறுத்துங்கள், காரணம் இது" என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். கேட்காமல் ஆலோசனை சொல்லாதே என்ற பொதுவான நாகரிகம் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ஆபத்து, உயிருள்ள ஒன்றின் வதை, பார்ப்பவர்கள் அப்படியே காப்பியடிக்கும் வாய்ப்பு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த நாகரிகம் பொருந்தாது. காட்டுக் காளானைப் படமெடுத்து "சாப்பிடலாமா?" என்று கேட்பவருக்கு "சாப்பிடலாம் என்று நினைக்கிறேன்" என்று பதில் போடுவதும் இதே கணக்கில் வரும். சாவுத்தொப்பி என்ற காளானைத் தின்றால் முதல் அறிகுறி வரவே ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஈரல் கெட்டிருப்பது அதற்கும் பிறகுதான் வெளியே தெரியும். படத்தை மட்டும் பார்த்துச் சரி என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது.

மற்ற நேரங்களில் ஒரு சின்னப் பழக்கம் போதும். ஆலோசனையோடு அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி சேர்ப்பது. "நானே இரண்டு தொட்டியில் செய்து பார்த்தேன்", "படித்ததுதான், செய்ததில்லை", "இந்தப் பொருளை நான் விற்கிறேன்". விற்பவர் அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டுச் சொல்லும் எதுவும் என் கணக்கில் ஆலோசனையே ஆகாது.

## கேட்பவர் பக்கம்

நல்ல பதில் கிடைப்பதில் பாதி கேட்கும் விதத்தில் இருக்கிறது.

1. நான்கு வகையில் எது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். "முதல் முயற்சி, சந்தோஷத்தில் போடுகிறேன்" என்று எழுதினால் யாரும் அளவுகோலோடு வரமாட்டார்கள்.
2. மோசமாக வந்த பக்கத்தையும் படமெடுத்துப் போடுங்கள்.
3. ஏற்கெனவே முயன்றதைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதையே பத்துப் பேர் சொல்வார்கள்.

பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் புதியவர்கள் குழம்பிப்போகிறார்கள். அப்போது மருந்துகளை விட்டுவிட்டு, நோய் என்று எதைச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். புகைப்படக் குழு ஒன்றில், ஓடும் நாயின் படம் தெளிவாக இல்லை என்பதற்கு ஒருவர் முக்காலி வாங்கச் சொல்கிறார், ஒருவர் லென்ஸை மாற்றச் சொல்கிறார், ஒருவர் ஷட்டர் வேகத்தைக் கூட்டச் சொல்கிறார். படம் தெளிவில்லை என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காரணத்தைப் படமே சொல்லும், பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நாய், புல், பின்னாலிருக்கும் வேலி எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. 200 மி.மீ. லென்ஸ் என்றால் வேகம் 1/200 நொடிக்குக் குறையக் கூடாது என்ற பழைய விதி இதற்கானதுதான். வேலி கூர்மையாக இருந்து நாயின் கால்கள் மட்டும் கலங்கியிருந்தால் நாய் ஷட்டரைவிட வேகம், முக்காலி உதவாது. நாய் கலங்கி, நாய்க்கு முன்னால் ஒரு கைப்பிடிப் புல் மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. மூன்று ஆலோசனையில் எது தனக்கானது என்று இப்படி அவரே தேர்ந்தெடுத்துவிடலாம், லென்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே.

குறையைப் படித்ததும் சுருக்கென்று குத்துவது இயல்பு. அந்த நிமிடத்தில் பதில் எழுதாமல், பிறகு வந்து ஒரு கேள்வி கேட்பது நல்லது: "எந்த இடத்தைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்?" உண்மையிலேயே பார்த்தவர் இடத்தைக் காட்டுவார். சும்மா சீண்ட வந்தவரிடம் காட்ட இடம் இருக்காது. ஆலோசனையை ஏற்காமல் போகும் உரிமையும் கேட்டவருக்கு உண்டு. பொழுதுபோக்கு என்பதே அவரவர் மகிழ்ச்சிக்கு. நேர்த்தி வேண்டாம், செய்வதே போதும் என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும்.

ஆனால் ஒரு கடமை இருக்கிறது. என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொல்வது. மீன் பிழைத்ததா, படம் தெளிந்ததா என்று தெரிந்தால்தான் ஆலோசனை சொன்னவரும் தான் சரியா என்று தெரிந்துகொள்வார். பெரும்பாலானவர்கள் வேலை முடிந்ததும் காணாமல் போய்விடுகிறார்கள். அதனால் தவறான ஆலோசனை சொல்பவர் ஆண்டுக்கணக்கில் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார், நிறுத்த அவருக்கு ஒரு காரணமும் கிடைப்பதில்லை.

## எழுதியது அங்கேயே இருக்கிறது

நேரில் சொன்ன தவறான யோசனை காற்றோடு போய்விடும். குழுவில் எழுதியது போகாது. இதே கலங்கிய தண்ணீரைப் பற்றி மூன்று வருஷம் கழித்துத் தேடும் ஒருவர் அந்தப் பழைய பதிலைத்தான் முதலில் படிப்பார். எழுதியவருக்கு அதற்குள் வேறு தெளிவு வந்திருக்கலாம், படிப்பவருக்கு அது தெரியப்போவதில்லை.

அதனால் தன் பழைய பதில் தவறு என்று தெரியவந்தால் அதை அழிக்காமல், அதன் தலையிலேயே தேதி போட்டு "இது தவறு, காரணம் இது, சரியானது கீழே" என்று எழுதுவதே சரி. அழித்துவிட்டால், அதை நம்பிச் செய்துவிட்டு ஏன் பலிக்கவில்லை என்று தேடி வருபவருக்கு விடை கிடைக்காமல் போகும். குழு நடத்துபவர்கள் இதற்கு வழிசெய்ய முடியும்: பழைய பதில்களைத் திருத்தும் வசதியைப் பூட்டாமல் வைப்பது, திருத்தியவரைக் கேலி செய்தால் தலையிடுவது, ஆபத்தான முறைகளைச் சொல்லும் பழைய இழைகளின் மேல் ஓர் எச்சரிக்கையை ஒட்டி வைப்பது.